இரண்டு இலாகா, ஒரு தொட்டி

மிளகாய்ச் செடிக்குப் பசிக்கத் தெரியும், காத்திருக்கத் தெரியாது. பாரிட் செலாசே கிராமத்தில் நடந்த குழப்பம் அத்தனைக்கும் செடியின் இந்தக் குறைபாடே மூல காரணம் என்று, பிற்பாடு வந்த விசாரணைக் குழுவில் ஓர் அதிகாரி சொன்னார். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் அதைக் குறித்துக்கொண்டார்.

குழப்பத்தில் மாட்டியவர் மிஸ்வான். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவர். தொழிற்சாலை வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது பேருந்துக்கும் அவருக்கும் ஒன்றாகவே விடை கொடுத்தார்கள். பேருந்தைப் பழைய இரும்புக்காவது எடுத்துக்கொண்டார்கள்; மிஸ்வானை அதற்கும் யாரும் கேட்கவில்லை. காப்பிக்கடையில் உட்கார்ந்து கைவிரலைச் சொடுக்கிக்கொண்டிருந்த நாளில்தான், ஆற்றோரத்து அரசாங்க நிலத்தில் பெர்ட்டிகாசி முறையில் மிளகாய் போட ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. மனு போட்டார், கிடைத்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. முதல் பருவத்தில் செடியைக் காப்பாற்றிக் காய் பறித்துக் காட்டினால் நிலம் அவருடையது; செடி செத்தால் நிலம் அடுத்த ஆளுக்கு.

பெர்ட்டிகாசியில் மண் கிடையாது. பாலித்தீன் பையில் தென்னை நார்த்தூளை நிரப்பி அதில் நாற்றை நடுவார்கள். நார்த்தூளில் ஈரம் தங்கும், சத்து இருக்காது. செடிக்கு வேண்டிய உரம் முழுவதும் தண்ணீரில் கரைந்து, தொட்டியிலிருந்து மெல்லிய குழாய்களில் ஓடி, பைக்குப் பை குத்திவைத்த சொட்டு முனை வழியாகச் சொட்டும். சோறும் தண்ணீரும் ஒரே குழாயில் வரும். குழாய் நின்றால் செடி பட்டினி. வேர் நீட்டித் தேடித் தின்ன அதற்குக் காலடியில் பூமி இல்லை.

அந்த உரம் இரண்டு கரைசல். ஒன்றுக்குப் பெயர் ஏ, மற்றதற்குப் பெயர் பி. இரண்டையும் தனித்தனி வாளியில் கெட்டியாகக் கரைத்து வைத்துக்கொண்டு, தொட்டி நிறையத் தண்ணீர் விட்ட பிறகு, ஒன்றை ஊற்றிக் கலக்கி, அப்புறம்தான் மற்றதை ஊற்ற வேண்டும். கெட்டியாக இருக்கும்போதே இரண்டும் சந்தித்துக்கொண்டால் திரிந்து சுண்ணாம்பாகிவிடும். இதைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர் பயிர் இலாகாவின் இளம் அதிகாரி ஃபட்லி.

"ஏயும் பியும் சம்பந்திங்க மாதிரி" என்றார் அவர். "பெரிய மண்டபத்துல விட்டா சிரிச்சுப் பேசிக்குவாங்க. ஒரே ரூம்ல போட்டுப் பூட்டினீங்கன்னா, காலைல யாரும் கதவைத் திறக்க முடியாது."

வகுப்பு சிரித்தது. மிஸ்வானும் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவி ரொமிசாவிடம் ஒப்பித்தார். ரொமிசாவுக்கு இரண்டு மருமகள்கள். உரத்தைப் பற்றி அதற்கு மேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நம் நாட்டில் ஒரு நல்ல காரியத்தை ஒரே இலாகாவிடம் ஒப்படைத்தால் மற்ற இலாகாவின் மனம் நோகும். ஆகவே ஏ உரம் தருவது பயிர் இலாகா, பி உரம் தருவது வட்டார எழுச்சி வாரியம் என்று பிரித்திருந்தார்கள். தொட்டி இலாகாவுடையது, பச்சை முத்திரை. குழாய்கள் வாரியத்துடையவை, ஊதா முத்திரை. தொட்டியையும் குழாயையும் இணைக்கும் வால்வு எவருடையது என்று கடைசிவரை முடிவாகவில்லை. மிஸ்வான் பட்டணத்து இரும்புக்கடையில் ஒரு வால்வைத் தன் கைக்காசில் வாங்கிப் பொருத்தினார். நாற்றும் அப்படித்தான். நாற்று தருவதாக இருவருமே சொல்லவில்லை. நாற்று வந்துவிட்டதா என்று மட்டும் இருவரும் கேட்டார்கள். ரொமிசா முட்டை அட்டையில் விதை போட்டு முளைக்கவைத்தாள்.

நாற்றைப் பையில் நட்டார்கள். குழாய் பொருத்தியாயிற்று, மோட்டாரும் தயாராயிற்று. மறுநாள் காலை மிஸ்வான் போய்ப் பார்த்தபோது, தொட்டியைச் சுற்றி ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தது. பக்கத்தில் ஃபட்லி நின்றிருந்தார். வயதுக்கு மரியாதையாக அவர் மிஸ்வானைப் பாக் என்பார்; பதவிக்கு மரியாதையாக மிஸ்வான் அவரை என்சே என்பார்.

"பாக் மிஸ்வான், தொட்டியைத் தொட்டுடாதீங்க. இன்னும் திறப்பு விழா நடக்கல."

"எப்ப நடக்கும் என்சே?"

"தேதி மேல போயிருக்கு."

"அதுவரைக்கும் செடி என்ன திங்கும்?"

ஃபட்லி நல்ல மனிதர். "நீங்க உங்க சொந்த வாளியில கரைச்சு, கையால ஊத்திக்கலாம். அதுல தடையில்லை. ஆனா இந்தத் தொட்டி வழியா ஒரு சொட்டு போனாலும் திட்டம் தொடங்கினதா ஆயிடும். தொடங்கின திட்டத்தை எங்க இலாகாத் தலைவர் டத்தோ எப்படித் தொடங்கி வெப்பாரு?"

அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் வாளியும் குவளையுமாக வரிசை வரிசையாக நடந்து ஊற்றினார்கள். வெயில் ஏறினால் ஒரு தரம், உச்சியில் ஒரு தரம், சாய்ந்ததும் ஒரு தரம். ஒவ்வொரு பையிலும் சொட்டு முனை சிவனே என்று குத்திக்கொண்டு நின்றது. அதற்குப் பக்கத்திலேயே குவளையைச் சாய்த்தார்கள். உடம்பை வருத்தாமல் விவசாயம் செய்வது எப்படி என்று விளக்கும் பலகை அவர்கள் தலைக்கு மேலே இருந்தது.

ஊர்க்காரர் வாக் தம்ரின் தினமும் தன் மூன்று சக்கர வண்டியை வரப்பில் நிறுத்தி வேடிக்கை பார்த்தார்.

"என்னலா மிஸ்வான், நிக்கா முடிஞ்ச மாப்பிள்ளையை வாசல்லயே நிக்க வெச்ச மாதிரி இருக்கு. மோட்டார் பாவம், சும்மா ஏங்கிட்டு நிக்குது."

"திறப்பு விழா ஆகணும் வாக்."

"ஆகட்டும், ஆகட்டும். எங்க பள்ளிவாசல் பக்கத்துக் கக்கூஸ் கூட அப்படித்தான். பெரிய மனுஷன் வர்ற வரைக்கும் ஊரே அடக்கிட்டு இருந்துச்சு."

முதல் தேதி தள்ளிப்போனது. தண்ணீர் வழியாக உரம் கொடுப்பது எப்படி என்று நேரில் கற்றுவர, பயிர் இலாகாவின் தலைமை இயக்குநர் டத்தோ முஸ்தாக்கிம் குடும்பத்தோடு வட ஐரோப்பாவுக்குப் போயிருந்தார். அங்கே குழாய்த் தண்ணீர் பனியில் உறைந்துபோயிருந்ததால் எதையும் பார்க்க முடியவில்லை என்றும், இருந்தாலும் அனுபவம் செழுமையானது என்றும் திரும்பி வந்து பேட்டி கொடுத்தார். இரண்டாம் தேதியும் தள்ளிப்போனது. விழாவில் எல்லாரும் எந்த நிறத்தில் உடுத்துவது என்பதில், பச்சை என்றது இலாகா, ஊதா என்றது வாரியம். கடைசியில் இரண்டும் வேண்டாம், தங்க நிறம் என்று சமரசமானது. அதற்குள் செடிகள் இடுப்பளவு வளர்ந்து, பூத்து, பிஞ்சும் விட்டிருந்தன.

அதுவும் ஒரு சிக்கலாயிற்று. விழா ஏற்பாட்டைப் பார்க்க வந்த நெறிமுறை அதிகாரி, காய்த்து நிற்கும் செடிகளைக் கண்டு முகம் சுளித்தார்.

"இது என்ன, காய் வந்திருக்கு?"

"மிளகாய்ச் செடி துவான்" என்றார் மிஸ்வான்.

"அது தெரியுது. தொடக்க விழான்னுதான் மேடையில எழுதப் போறோம். தொடங்காத திட்டத்துல காய் எப்படி வரும்? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"பறிச்சிடவா?"

"வேணாம். இருக்கட்டும்" என்று அவரே சமாதானமானார். "இலாகா கை வைக்கறதுக்கு முன்னாடியே பலன் கொடுத்த திட்டம்னு அறிவிப்பாளரைச் சொல்லச் சொல்றேன்."

பிறகு அவர் கூடாரத்துக்கு இடம் அளந்தார். பெரிய மனிதர்களின் முழங்காலில் இலை உரசக் கூடாது என்று முன்வரிசைப் பைகளைப் பின்னால் தள்ளச் சொன்னார். அவற்றின் சொட்டு முனைகளைப் பிடுங்கி வெறுங்குழாயாகக் கட்டிவைத்தார்கள்.

விழாவின் உச்சம் என்ன என்பதைப் பேசி முடிக்க ஒரு தனிக் கூட்டம் போட்டார்கள். வெறுமனே நாடா வெட்டுவது பழைய காலம். இப்போதெல்லாம் ஒரு வித்தை வேண்டும்: பொத்தானை அழுத்தினால் புகை வர வேண்டும், முட்டை வெடித்துப் புறா பறக்க வேண்டும். உரத் திட்டம் என்பதால் உரத்தை ஊற்றுவதையே வித்தையாக வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானமாயிற்று. டத்தோ முஸ்தாக்கிம் ஏ ஊற்றுவார். வாரியத் தலைவி டத்தின் படுக்கா ஷம்சியா பி ஊற்றுவார். யார் முதலில் என்ற இடத்தில் கூட்டம் நின்றது. மிஸ்வானைப் பயனாளி என்ற முறையில் கதவோரத்தில் உட்காரவைத்திருந்தார்கள். அவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏ தான் முதல்ல வரும்" என்றார் இலாகாக்காரர்.

"ஏன் எங்களுது பி?" என்றார் வாரியக்காரர். "யார் வெச்ச பேரு?"

"உலகம் பூரா அப்படித்தான்."

"உலகம் வாரியத்தைக் கலந்துக்கிச்சா?"

சாப்பாடு வந்தது. சாப்பிட்டார்கள். நெய்ச்சோறும் ரெண்டாங் இறைச்சியும் இரு தரப்பையும் இளக்கின. சாப்பாட்டுக்குப் பின், ஒருவர் முதல் என்றால்தானே இன்னொருவர் இரண்டாவது, இருவரும் ஒரே நேரத்தில் ஊற்றினால் என்ன என்று ஒரு குரல் கேட்டது. மேடையில் ஒரு பெரிய கண்ணாடி உருளை. இருபுறமும் இரண்டு தலைவர்கள். இரண்டு குடத்திலிருந்தும் கெட்டிக் கரைசல் ஒன்றாக விழும், இரு இலாகாக்களின் ஒற்றுமையைப் போல. உருளையின் அடியிலிருந்து நேராகத் தொட்டிக்கு. எல்லாரும் மேசையைத் தட்டினார்கள்.

வெளியே வந்ததும் மிஸ்வான் ஃபட்லியின் சட்டைக் கையைப் பிடித்தார்.

"என்சே, நீங்கதானே சொன்னீங்க, சம்பந்திங்கன்னு? ஒரே ரூம்ல போடக் கூடாதுன்னு?"

"சொன்னேன்."

"இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே கண்ணாடிக்குள்ள ஊத்தினா?"

"சுண்ணாம்பாயிடும்."

"அப்புறம்?"

"பாக், அன்னிக்கு நான் சொன்னது பயிற்சி" என்றார் ஃபட்லி சோர்வாக. "இது நிகழ்ச்சி."

ஆனாலும் ஃபட்லி ஒரு முயற்சி செய்தார். உரத்துக்குப் பதில் ஒரு குடத்தில் ரோஜா சர்பத்தும் இன்னொன்றில் வெறும் தண்ணீரும் வைத்துக்கொள்ளலாமே என்று நெறிமுறை அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அதிகாரி அதிர்ந்துபோனார். சென்ற ஆண்டு ஒரு மீன் வளர்ப்புத் திட்டத் திறப்பு விழாவில் டத்தோ தூண்டிலில் தூக்கிக் காட்டிய மீன், சந்தை ஐஸ் பெட்டியிலிருந்து வந்தது என்பது படத்திலேயே தெரிந்துவிட்டது. மீன் வளையவே இல்லை. அதிலிருந்து இலாகாவில் நேர்மை இயக்கம் நடக்கிறது.

"போலி கூடவே கூடாது" என்றார். "இந்த வருஷம் எல்லாமே நிஜமா இருக்கணும்."

"நிஜமா ஊத்தினா சொட்டு முனை அடைச்சிக்கும் துவான். செடி போயிடும்."

"போனா நிஜமாத்தானே போகும்?"

கடைசியில் ஃபட்லி ஒரு வழி கண்டார். உருளைக்குள் ஊற்றட்டும். உருளையிலிருந்து தொட்டிக்கு இறங்கட்டும். ஆனால் தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் மிஸ்வான் வாங்கிப்போட்ட வால்வு இருக்கிறதே, அது மூடியே இருக்கட்டும். விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் தொட்டியைக் கழுவிக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் முறைப்படி கலந்துகொள்ளலாம்.

"நீங்க அந்த வால்வு பக்கத்துலயே நில்லுங்க பாக். யார் வந்தாலும் திறக்கக் கூடாது."

"பேருந்துல பின்கதவை இருபது வருஷம் காத்தவன் என்சே" என்றார் மிஸ்வான். அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.

விழா நாளில் கொம்பாங் பறை முழங்கியது. பிள்ளைகள் பளபளக்கும் காகித மலர்க் குச்சிகளைத் தூக்கிக்கொண்டு இருபுறமும் நின்றார்கள். தங்க நிறத்தில் கூடாரம் முழுவதும் தகதகத்தது. மிஸ்வானுக்கும் தங்க நிறச் சட்டை ஒன்றைக் கொடுத்து வால்வு அருகே நிறுத்தியிருந்தார்கள். ரொமிசா பின்னால் பெண்கள் வரிசையில் இருந்தாள். செடிகள் காலையிலிருந்து எதுவும் குடிக்கவில்லை. விழா அன்று வாளியும் குவளையும் கண்ணில் படக் கூடாது என்று எடுத்து ஒளித்துவிட்டார்கள்.

டத்தின் படுக்கா ஷம்சியா முதலில் பேசினார்.

"எங்க வாரியம் ஏழை விவசாயியை உயிரா நேசிக்குது. ஏழை விவசாயி இல்லேன்னா எங்க வாரியம் ஏது? அதனாலதான் சொல்றேன், நாங்க இருக்கற வரைக்கும் ஏழை விவசாயியைக் கைவிட மாட்டோம். அவர் எங்க போனாலும் விட மாட்டோம். போன வருஷம் ஒரு லட்சம் விவசாயிகளுக்கு உதவினோம். இந்த வருஷம் அதே ஒரு லட்சம் பேருக்கு மறுபடியும் உதவறோம். அடுத்த வருஷமும் அவங்க அங்கயேதான் இருப்பாங்கன்னு எனக்கு நம்பிக்கை இருக்கு."

பிறகு டத்தோ முஸ்தாக்கிம் எழுந்தார். மேடைப் பேச்சைப் பாந்துன் என்ற நாலடிப் பாட்டோடு தொடங்குவது வழக்கம். அவரும் தொடங்கினார்.

"ஆற்றங் கரையில் படகு கட்டி
அந்தியில் மீனுக்கு வலைவிரிப்போம்;
ஏயும் பியும் ஒன்றாய்க் கொட்டி
ஏழைகள் வாழ்வில் வளம்தெளிப்போம்."

பாந்துனில் முன்னிரு அடிகளுக்கும் பின்னிரு அடிகளுக்கும் தொடர்பு வேண்டியதில்லை. டத்தோ அந்த மரபைப் பேச்சு முழுவதும் காப்பாற்றினார்.

"நான் பதவிக்கு வந்து எத்தனையோ திட்டங்களைத் திறந்து வெச்சிருக்கேன். பெருமைக்குச் சொல்லல, என்னோட திட்டம் எதுவும் திறப்பு விழாவுக்கு முன்னாடி தோத்ததே இல்லை. சில பேர் கேக்கறாங்க, டத்தோ, உங்களுக்கு விவசாயம் தெரியுமான்னு. நான் கேக்கறேன், விவசாயிக்கு நிர்வாகம் தெரியுமா? செடி தானா வளரும். ஒரு கூட்டம் தானா கூடுமா?"

கைதட்டல் எழுந்தது. இரு தலைவர்களும் குடங்களைத் தூக்கினார்கள். அறிவிப்பாளர் எண்ணினார். ஏயும் பியும் ஒரே நேரத்தில் கண்ணாடி உருளைக்குள் விழுந்தன. ஒரு கணம் தெளிவாக இருந்தது. அப்புறம் புகை போல ஒரு வெண்மை அடியிலிருந்து கிளம்பி, பரவி, உருளை முழுவதும் மோர் போலத் திரண்டது.

"பாருங்க, தூய்மையின் நிறம்" என்றார் அறிவிப்பாளர். கூட்டம் மெய்ம்மறந்து தட்டியது. வித்தைகளில் இதுவே சிறந்தது என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

டத்தோ மட்டும் ஃபட்லியின் பக்கம் சாய்ந்தார். "இது வெள்ளையாகணுமா?"

"இன்னிக்கு ஆகணும் டத்தோ."

வெள்ளைக் கூழ் தொட்டிக்குள் இறங்கியது. மிஸ்வான் வால்வைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்தது, இனி சாப்பாடுதான் என்று மூச்சுவிட்டார். அப்போதுதான் டத்தோவுக்கு உணர்ச்சி பொங்கியது. ஒலிபெருக்கியை மறுபடி வாங்கினார்.

"ஒரு நிமிஷம். இந்தத் திட்டத்தை நான் திறக்கப் போறதில்லை. எங்க காலத்துல தலைவர்கள் திறந்தாங்க. இது மக்கள் காலம். இந்தத் தண்ணியை மக்கள்தான் திறக்கணும். அதோ நிக்கறாரே, அவர் பேர் என்ன?"

யாரோ சொன்னார்கள்.

"பாக் மிஸ்வான், திறங்க."

மிஸ்வான் ஃபட்லியைப் பார்த்தார். ஃபட்லி மேடைக் கம்பளத்தைப் பார்த்தார். எல்லாப் படக் கருவிகளும் வால்வைப் பார்த்தன.

"டத்தோ, கொஞ்சம் அப்புறமா..." என்றார் மிஸ்வான்.

"கூச்சப்படறார்" என்று டத்தோ கூட்டத்திடம் சொன்னார். "கிராமத்து மனுஷன். இந்தக் கூச்சத்தைத்தான் நாம முதல்ல ஒழிக்கணும்."

கூட்டம் சிரித்தது. கொம்பாங் மறுபடி தொடங்கியது. நெறிமுறை அதிகாரி வந்து மிஸ்வானின் தோளில் கை போட்டு, வெளியே சிரித்துக்கொண்டே காதுக்குள் சொன்னார்: "திறக்கறீங்களா, இல்லை இந்த நிலத்துக்கு வேற ஆளைப் பாக்கட்டுமா?"

பெண்கள் வரிசையில் ரொமிசா வேண்டாம் என்று தலையசைத்தது அவருக்குத் தெரிந்தது. ஆனால் இத்தனை பெரிய மனிதர்கள் திறக்கச் சொல்லியும் திறக்காமல் நிற்க எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. அவர் வால்வைத் திருகினார். மோட்டார் ஓடியது. சொட்டு முனைகள் பால் போலச் சொட்டி, பிறகு மெதுவாகி, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அப்போது எல்லாரும் சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போயிருந்தார்கள்.

மறுநாள் மிஸ்வானும் ரொமிசாவும் ஊசியோடு போனார்கள். ஒரு முனையைக் குத்தித் திறந்தால் அடுத்தது அடைத்தது. குழாய்க்குள் முழுவதும் சுண்ணாம்பு. வெயில் ஏற ஏற இலைகள் தொங்கின. ரொமிசா வாளியைத் தேடி எடுத்துவந்தாள்.

அவள் குவளையை முக்குவதற்குள் வாரியத்தின் கண்காணிப்பாளர் குறுக்கே வந்து நின்றார்.

"கையால ஊத்தக் கூடாது காக்" என்றார், அக்காவை அழைக்கிற மரியாதையோடு.

"நேத்து வரைக்கும் கையாலதான் ஊத்தணும்னாங்களே?"

"அது திறப்புக்கு முன்னாடி. திறந்த அப்புறம் கையால ஊத்தினா திட்டம் வேலை செய்யலன்னு அர்த்தம். படம் வெளியாகி ஒரு நாள் கூட ஆகல."

"செடி சாகுதே தம்பி."

"செடி செத்தா அது விவசாயம், இயற்கை. கையால ஊத்தினா அது அவமானம்."

அவர் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தொழுகைக்குப் போகும்போதும் சாப்பிடப் போகும்போதும் மட்டும் எழுந்தார். அந்த இடைவெளிகளில் இருவரும் ஓடி ஓடி ஊற்றினார்கள். வாக் தம்ரின் வரப்புக் கோடியில் நின்று ஆள் வருகிறானா என்று பார்த்துச் சீட்டி அடித்தார். திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டார்கள். எல்லாப் பைக்கும் எட்டவில்லை. பிஞ்சுகள் உதிர்ந்தன.

விசாரணைக் குழு வந்தது. இலாகாவின் ஆய்வுக்கூடம் குழாய்ச் சுண்ணாம்பைச் சோதித்து, அதில் பி உரம் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தது. வாரியத்தின் ஆய்வுக்கூடம் அதே சுண்ணாம்பில் ஏ உரம் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தது. இரண்டு முடிவும் சரியாக இருந்ததால் குழு தர்மசங்கடத்தில் மூழ்கியது. செடிக்குப் பொறுமை போதாது என்று ஓர் அதிகாரி சொன்னது அப்போதுதான். அது எடுபடவில்லை. பிறகு மிஸ்வானை அழைத்தார்கள்.

"வால்வைத் திறந்தது யாரு?"

"நான்தான் துவான். டத்தோ சொன்னாரு."

"டத்தோ சொன்னது இருக்கட்டும். டத்தோ கை வால்வு மேல பட்டுச்சா?"

"இல்லை."

"உங்க கை?"

"பட்டுச்சு."

"வால்வு யாருடையது? இலாகா பட்டியல்ல இல்லை. வாரியப் பட்டியல்லயும் இல்லை."

"நான் வாங்கிப் போட்டது."

இரு தரப்பாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக இலாகாவும் வாரியமும் ஒரு விஷயத்தில் முழுமையாக ஒத்துப்போயின.

ஃபட்லி எழுந்து, ஏயும் பியும் கெட்டியாகச் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும், இது பாடப் புத்தகத்தில் இருக்கிறது என்றார்.

"புத்தகம் இருக்கு, ஒத்துக்கறோம்" என்றார் குழுத் தலைவர். "அப்படின்னா டத்தோவும் டத்தின் படுக்காவும் தப்பு பண்ணாங்கன்னு சொல்றீங்களா?"

"நான் வேதியியலைச் சொல்றேன் துவான்."

"வேதியியல் எந்த இலாகா?"

ஃபட்லி உட்கார்ந்தார்.

தீர்ப்பு வந்தது. திட்டம் வெற்றிகரமாகத் திறக்கப்பட்டது. பயனாளியின் மனப்பான்மைதான் சரியில்லை. நிலம் திரும்பப் பெறப்படுகிறது. இலாகா தன் தொட்டியை எடுத்துக்கொள்ளும். வாரியத்தின் குழாய்கள் பழுதாகிவிட்டதால் கழிவு; கழிவை அகற்றுவது பயனாளியின் பொறுப்பு. செடிகளை என்ன செய்வது என்று கொஞ்சம் யோசித்தார்கள். நாற்று எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாத ஒன்று அரசாங்க நிலத்தில் நிற்பது ஒழுங்கல்ல என்பதால், செடிகளையும் பைகளையும் பயனாளியே உடனடியாகத் தூக்கிச் சென்றுவிட வேண்டும் என்று கண்டிப்பாக உத்தரவிட்டார்கள்.

மிஸ்வான் வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்து அழுதார். நிலம் போயிற்று. ரொமிசா உத்தரவை ஒருமுறைக்கு இருமுறை கேட்டாள்.

"பாங், செடியை எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்களா?"

"ஆமா. உடனே காலி பண்ணணுமாம்."

"குழாயையும்?"

"அது குப்பையாம். நாமதான் தூக்கிப் போடணுமாம்."

"அழறதை நிறுத்துங்க. வாக்கோட வண்டியைக் கேளுங்க. அவங்க மனசு மாறறதுக்குள்ள கிளம்பணும்."

வாக் தம்ரினின் வண்டி பொழுது சாயும்வரை ஓடியது. வாடிய செடிகளை வீட்டுக்குப் பின்னால் தென்னைகளின் நடுவில் இறக்கினார்கள். பிழைக்காது என்று தோன்றியவையும் அவற்றில் இருந்தன, அவற்றையும் விடவில்லை. குழாய்களையும் சொட்டு முனைகளையும், கெண்டியில் படிந்த சுண்ணாம்பைப் போக்குகிற மாதிரி, ரொமிசா பெரிய அண்டாவில் காடி ஊற்றி ஊறப்போட்டாள். பலவற்றில் அடைப்பு விட்டது. பழைய நீல பீப்பாய் ஒன்றைத் தொட்டியாக்கினார்கள். ஏ வாளி ஒரு மூலையிலும் பி வாளி எதிர் மூலையிலும் வைக்கப்பட்டன. அவை ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளக்கூட முடியாது. உரம் மட்டும் ஃபட்லி கொண்டுவந்து கொடுத்தார். எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.

கால்வாசிச் செடிகள் செத்தன. மற்றவை தளிர்விட்டுப் பூத்தன. ரொமிசா காலையில் குழாயைத் திறந்துவிட்டுச் சோறு வடிக்கப் போவாள். மிஸ்வான் பறித்துச் சந்தைக்கு எடுத்துப் போவார். காப்பிக்கடையில் அவர் விரல் சொடுக்குவது நின்றது.

ஒரு மாலை ஃபட்லி வந்தார். ஆற்றோரத்து நிலத்தில் இப்போது புதுத் தொட்டி வைத்து, புது நாடா கட்டியிருக்கிறார்களாம். புதுப் பயனாளி வாளியோடு நடந்துகொண்டிருக்கிறாராம். அதைச் சொல்லிக்கொண்டே தென்னைகளின் நடுவே நடந்தார். சிவந்த காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. சொட்டு முனைகள் சொட்டிக்கொண்டிருந்தன. பலகை இல்லை, முத்திரை இல்லை. அவர் குனிந்து ஒரு சொட்டு முனையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எப்படி இருக்கு என்சே?" என்றார் மிஸ்வான், பரீட்சை எழுதியவர் போல.

ஃபட்லி சாலைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பாக், இதை வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார் தணிந்த குரலில். "தெரிஞ்சா வந்து திறந்து வெச்சிடுவாங்க."

ரொமிசா எழுந்து போய், வேலிப் படலை இழுத்துச் சாத்தினாள்.